‘ஐ கேன் மேனேஜ்’ என்று சொன்னது தவறா?

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பயணிகளுடன் ஆங்கிலத்தில் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ‘யெஸ், ஐ கேன் மேனேஜ்’ என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தால் ‘மேனேஜ்’ என்ற சொல்லுக்கு நேரே ‘நிர்வகி’ என்று போட்டிருக்கிறது. ‘என்னால் நிர்வகிக்க முடியும் என்றுதானே சொன்னேன், அதில் என்ன குறை’ என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: சுகமில்லாத மாமாவுக்குப் பதிலாகத் தலவாக்கலையில் அவருடைய கடையை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டதாகவும், அதை விண்ணப்பத்தில் ‘மாமாவின் கடையில் உதவி செய்தேன்’ என்ற பொருளில் ஒரே வரியில் எழுதியதாகவும். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சொல்லின் அர்த்தத்தை நீங்கள் கேட்கவில்லை. அதை அகராதியே சொல்லிவிட்டது. ஒரு தேயிலைத் தோட்டம் முழுவதையும் நடத்துகிறவரின் பதவிப் பெயராக இருக்கிற அதே சொல், உங்கள் வாயிலிருந்து வந்தபோது ஏன் இப்படிச் சிறுத்துப்போனது என்று கேட்கிறீர்கள். நான் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். அதில் பெரும்பகுதி ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தோட்டப் பாடசாலைகளில். ஓய்வு பெற்ற பிறகு கடிதங்களும் ஒப்பந்தங்களும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். இந்தச் சொல் என் மாணவர்களைப் படுத்திய பாட்டை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தால்தான் வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆட்களைத் தெரிவு செய்வதில் எத்தனையோ கணக்குகள் இருக்கும். ஆனால் நீங்கள் மனதில் நினைத்ததை அந்த வாக்கியம் சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

முதலில் சுருக்கமான விடை. ‘மேனேஜ்’ என்ற வினைச்சொல்லின் பொருள் அதற்குள் இருப்பதைவிட அதற்குப் பின்னால் வருவதில்தான் அதிகம் இருக்கிறது. பின்னால் ஒரு பொருளோ ஆட்களோ வந்தால், அதாவது கடை, தோட்டம், ஊழியர்கள், பணம் என்று ஏதாவது வந்தால், அது நிர்வகித்தல். பின்னால் ‘டு’ போட்டு இன்னொரு வினைச்சொல் வந்தால், கஷ்டமான ஒன்றை ஒருவழியாகச் செய்துமுடித்தல். பின்னால் ஒன்றுமே வராமல் அந்தரத்தில் நின்றால், அல்லது ‘வித்’, ‘விதவுட்’, ‘ஆன்’ போன்ற சிறு சொற்கள் வந்தால், இருப்பதை வைத்துச் சமாளித்தல். உங்கள் வாக்கியம் மூன்றாவது வகை. ‘ஆங்கிலம் பேசுவீர்களா’ என்ற கேள்விக்கு ‘ஏதோ சமாளிப்பேன்’ என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். வரவேற்பு மேசைக்கு ஆள் தேடுகிறவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆனால் மூன்றும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று தெரிந்துகொண்டால்தான் குழப்பம் முழுதாகத் தீரும். அதற்கு ஒரு குதிரையைப் பார்க்க வேண்டும். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. கையால் செய்யும் வேலையைக் குறிக்கும் ‘மேனுவல்’, கையால் எழுதிய ஏட்டைக் குறிக்கும் ‘மேனுஸ்கிரிப்ட்’ எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. அந்தக் கை இத்தாலிய மொழியில் ‘மனெஜ்ஜாரே’ என்று வினைச்சொல்லாகி, கையாளுதல், குறிப்பாகக் குதிரையைக் கையாண்டு பழக்குதல் என்ற பொருளைப் பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது குதிரைக்காரர்களின் சொல்லாகவே நுழைந்தது. பிறகுதான் ஆயுதம், வீடு, பணம், வியாபாரம் என்று விரிந்தது. பிரெஞ்சு மொழியில் வீட்டு நடப்பைக் குறிக்கும் ‘மெனாஜ்’ என்ற சொல்லின் சாயலும் வழியில் இதன்மேல் படிந்தது. உள்ளதை வைத்துச் சிக்கனமாக நடத்துதல் என்ற வாசனை அங்கிருந்தும் வந்தது.

சித்திரை மாதத்து வசந்தகாலத்தில் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பந்தயத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த முறை பந்தயத்துக்கு முன்னால் குதிரையை நடத்திக்கொண்டு வருகிறவரின் கையைப் பாருங்கள். தாடைக்குக் கீழே கயிற்றைக் குட்டையாகப் பிடித்திருப்பார். குதிரை தலையை உதறும்போது அவர் இழுத்து மல்லுக்கட்டமாட்டார். கை குதிரையோடு மேலே போகும், பிறகு குதிரையைக் கூட்டிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். அந்த மிருகத்தின் பலத்தில் ஒரு சிறு பங்குகூட அந்த மனிதரிடம் இல்லை. ஆனாலும் அது அவர் சொன்ன பக்கம் நடக்கிறது. ‘மேனேஜ்’ என்ற சொல் பிறந்த இடம் அந்தக் கைதான். திமிறக்கூடிய ஒன்றை, பலத்தால் அல்லாமல் கைப்பக்குவத்தால் வழிக்குக் கொண்டுவருதல். கடையை நடத்துவதும், கஷ்டமானதைச் செய்துமுடிப்பதும், மாதக் கடைசியைத் தள்ளுவதும் இதிலிருந்து கிளைத்தவையே. தமிழில் ‘கையாள்’ என்ற சொல் இதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள்: கையும் இருக்கிறது, ஆளுவதும் இருக்கிறது. அகராதி கொடுத்த ‘நிர்வகி’ வேறு வழியில் வந்தது. அது சமஸ்கிருதத்தில் சுமத்தல், கொண்டுசெல்லுதல் என்ற பொருளுள்ள வேரைக் கொண்டது. வாகனம் என்ற சொல்லும் அதே வேர்தான். சுமையைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிர்வகித்தல். அழகான சொல், ஆனால் அதில் குதிரை இல்லை. அதனால்தான் ‘நிர்வகி’யை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மற்ற இரண்டு வகைகளிலும் வழுக்குகிறார்கள்.

முதல் வகைக்கு வருகிறேன். மலையகத்தில் பிறந்த நமக்கு இந்த வகை புதிதல்ல, ஆனால் அதற்கு நம் வாயில் வேறு சொற்கள் இருந்தன. பெரிய துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. ‘துரை’ என்றால் எசமான் என்ற பொருள் வந்துவிடுகிறது, எல்லாம் அவருடையதுபோல. ஆங்கிலச் சொல் அப்படியல்ல. நடத்துகிறவர் வேறு, உடையவர் வேறு என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் தோட்டங்களின் வரலாறே இதற்கு உதாரணம். லண்டனில் பதிவுசெய்த கம்பனிகளுக்குச் சொந்தமான தோட்டங்களைக் கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்கள் நடத்தின. அவற்றுக்கு ‘மேனேஜிங் ஏஜென்ட்’ என்றே பெயர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்து, நடத்தும் பொறுப்பைத் தனியாரிடம் ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். காணி அரசாங்கத்துடையதாகவே இருந்தது. ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் நான் பேனாவை நிறுத்தி இருமுறை யோசிப்பேன். ‘மேனேஜ்’ என்று இருக்கும் இடத்தில் ‘ஆளும் உரிமை’ என்றோ ‘உடைமை’ என்றோ ஒரு சொல் கைதவறி விழுந்துவிட்டால், இல்லாத உரிமையைக் காகிதத்தில் உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

இலங்கையில் இதற்கு நாம் வைத்திருக்கும் அரசகரும மொழிச் சொல் முகாமை, முகாமையாளர், முகாமைத்துவம். தமிழ்நாட்டில் மேலாண்மை, மேலாளர் என்பார்கள். இரண்டும் சரி; இங்கே விண்ணப்பம் எழுதும்போது முகாமையாளர் என்றே எழுதுங்கள். நம் நாட்டுக் காகிதங்களில் ‘நிர்வாகம்’ என்ற சொல் பெரும்பாலும் ‘அட்மினிஸ்ட்ரேஷ’னுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இலங்கை நிர்வாக சேவை வேறு, முகாமைத்துவ சேவை வேறு. ஆகவே அகராதி சொன்ன ‘நிர்வகி’ தவறில்லை என்றாலும், இங்குள்ள வழக்கில் அது பக்கத்து வீட்டுச் சொல்.

இந்த முதல் வகைக்குள்ளேயே ஒரு கிளை உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்ற பெயரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மண்சரிவு எச்சரிக்கை வரும்போதெல்லாம் காதில் விழும் பெயர். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஒரு மாணவி வகுப்பில் எழுந்து, ‘டீச்சர், அனர்த்தத்தை யாராவது நிர்வகிப்பார்களா?’ என்று கேட்டாள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மூடுண்ட மறு மாதம் அது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அனர்த்தத்தையும் நோயையும் வலியையும் கோபத்தையும் நாம் வேலைக்கு அமர்த்தி நடத்துவதில்லை. அவை திமிறுபவை, தடுக்க முடிந்த அளவு தடுத்து, முன்கூட்டியே ஆட்களை வெளியேற்றி, சேதம் கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வதைத்தான் அங்கே ‘மேனேஜ்’ குறிக்கிறது. நீரிழிவை ‘மேனேஜ்’ செய்வது என்று வைத்தியர் சொன்னால், குணப்படுத்திவிடுவார் என்று எண்ணக்கூடாது. கட்டுக்குள் வைத்திருப்பார் என்று பொருள். என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்த மருத்துவக் கடிதங்களில் இதைக் ‘குணப்படுத்தல்’ என்று யாரோ முன்பு எழுதிவைத்ததைக் கண்டு, அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கியிருக்கிறேன்.

இரண்டாவது வகைதான் எனக்கு மிகப் பிடித்தது, பரீட்சைத் தாள்களில் மிக அதிகம் தப்பாவதும் அதுதான். ‘மேனேஜ்ட் டு’. இதில் இரண்டு செய்திகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று, செயல் நடந்துமுடிந்துவிட்டது. இன்னொன்று, அது சுலபமாக நடக்கவில்லை. ‘ட்ரைட் டு’ என்றால் முயன்றாள், கிடைத்ததா இல்லையா தெரியாது. ‘மேனேஜ்ட் டு’ என்றால் முயன்றாள், கஷ்டப்பட்டாள், முடித்தாள். ‘டிட் நாட் மேனேஜ் டு’ என்றால் முயன்றாள், முடியவில்லை. அதாவது இந்தச் சொல்லைப் போட்ட உடனே அந்தச் செயல் நடந்ததா நடக்கவில்லையா என்பது தீர்ந்துவிடுகிறது. இந்தக் குணமுள்ள வினைச்சொற்களை 1971இல் லவுரி கார்ட்டுனென் என்ற மொழியியலாளர் தனியாகப் பிரித்து ஆராய்ந்து எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட முதன்மை உதாரணங்களில் ‘மேனேஜ்’ ஒன்று.

இதை ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘குட்’ என்ற சொல்லிலிருந்து பிரித்துக் காட்ட நான் எப்போதும் தேயிலைக் கொழுந்து நிறுவையைத்தான் எடுத்துக்கொள்வேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். அவர் வேலை செய்த தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு; அது வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் காலத்தில் அம்மாவுக்கு அது பெரிய காரியமல்ல. ‘அம்மாவால் 18 கிலோ பறிக்க முடிந்தது’ என்று அவருடைய பொதுவான திறமையைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘குட்’ போதும். ஆனால் ஒரு நாள். காலையிலிருந்து மழை, சரிவான மலை, இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து காலில் ஒட்டுகிறது, கொழுந்து குறைவு. மாலை நிறுவைக்குக் கூடையைத் தொங்கவிடுகிறார். ஈரத்துக்கும் கூடைக்கும் என்று இரண்டு கிலோவைக் கழித்தபிறகு கணக்கு 18இல் வந்து நிற்கிறது. விரல் நுனிகள் எல்லாம் கறுத்து வெடித்திருந்தன. அந்தக் கையால் நெற்றி மழைநீரை வழித்துவிட்டு, முழுப் பேர் விழுந்ததைக் கொப்பியில் பார்த்த பிறகுதான் நகர்ந்தார். அந்த நாளை ‘குட்’ என்ற சொல்லால் சொல்லக்கூடாது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட செயலில், கஷ்டத்தை மீறிக் கிடைத்த வெற்றிக்கு ‘மேனேஜ்ட் டு’ என்றுதான் ஆங்கிலம் கேட்கிறது. ‘வாஸ் ஏபிள் டு’வும் சரி. முடியவில்லை என்று சொல்வதற்கு மட்டும் ‘குட் நாட்’ எந்த நாளுக்கும் பொருந்தும். ‘பார்த்தல்’, ‘கேட்டல்’ போன்ற புலன் சார்ந்த சொற்களோடு ‘குட்’ ஒரு தடவை நடந்ததற்கும் வரும், அது விதிவிலக்கு.

தமிழில் இதற்கு ஒற்றை வினைச்சொல் இல்லை, ஆனால் நாம் ஒன்றும் வறுமைப்படவில்லை. ‘பறித்துவிட்டார்’ என்பதில் உள்ள ‘விடு’ செயல் முடிந்ததைச் சொல்கிறது. ‘ஒருவழியாக’, ‘எப்படியோ’, ‘தட்டுத்தடுமாறி’ ஆகியவை கஷ்டத்தைச் சொல்கின்றன. ‘ஒருவழியாகப் பறித்துமுடித்துவிட்டார்’ என்றால் ‘மேனேஜ்ட் டு’ முழுதாக வந்துவிடும். என் மாணவர்களிடம் இதைத் திருப்பிச் செய்யச் சொல்வேன்: தமிழ் வாக்கியத்தில் ‘ஒருவழியாக’ சேர்த்துப் பாருங்கள், பொருத்தமாக இருந்தால் மட்டும் ஆங்கிலத்தில் ‘மேனேஜ்ட் டு’ போடுங்கள். ‘நான் ஒருவழியாகப் பதுளையில் பிறந்தேன்’ என்று யாராவது சொல்வார்களா? அப்படியானால் ஆங்கிலத்திலும் அது வராது. ‘நான் ஒருவழியாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டேன்’ என்றால் உடம்புக்கு ஏதோ என்று கேட்பவர் பதறுவார். ஆங்கிலத்திலும் அதே பதற்றம் வரும். உங்கள் கடிதத்தில் ‘ஐ மேனேஜ்ட் டு ஸ்டடி’ என்று பாடசாலையின் பெயரோடு ஒரு வரி இருக்கிறது. அங்கே ஏதோ தடையைத் தாண்டிப் படித்ததாக அது சொல்கிறது. உண்மையிலேயே அப்படியென்றால் வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே ‘படித்தேன்’ என்பதுதான் கருத்தென்றால் எடுத்துவிடுங்கள்.

இலக்கணத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. ‘டு’வுக்குப் பிறகு வினைச்சொல்லின் வேர் வடிவம் மட்டும்தான் வரும். ‘மேனேஜ்ட் டு வென்ட்’ என்றோ ‘மேனேஜ்ட் கோயிங்’ என்றோ எழுதக்கூடாது. ‘-இங்’ வடிவம் வேண்டுமென்றால் ‘சக்ஸீடட் இன்’ என்ற வேறு சொல்லுக்குப் போக வேண்டும். இதே ‘மேனேஜ்ட் டு’ சில வேளைகளில் யாரும் விரும்பாத காரியத்துக்கும் வரும்: ஒரே சாவியை அவன் எப்படித்தான் தொலைத்தானோ என்று நாம் தலையில் அடித்துக்கொள்ளும் இடத்தில் ஆங்கிலேயர் ‘ஹீ மேனேஜ்ட் டு லூஸ் த கீ’ என்பார்கள். அது பாராட்டு அல்ல, குத்தல். இதைப் பாராட்டென்று எண்ணி நன்றி சொல்லிவிடாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

இனி மூன்றாவது வகை, உங்களுடையது. இதைத் தாழ்ந்த பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். மாதத்தின் கடைசிக் கிழமையில் எங்கள் லயக் காம்பராவில் மா டின்னின் அடி தெரியும். அம்மா கோதுமை மாவைப் பிசைந்து ஒரே உருண்டையாக வைத்துக்கொண்டு, எத்தனை பேர் என்று எங்களை ஒரு தடவை கண்ணால் எண்ணுவார். பிறகு உருண்டையைக் கிள்ளுவார். ஆறு உருண்டையும் ஒரே அளவாக வரும். தன்னுடையது மட்டும் சற்றுச் சிறுத்திருக்கும். செத்தல் மிளகாய்ச் சம்பலில் தேங்காய் குறைந்து உப்பும் வெங்காயமும் கூடியிருக்கும். ‘சம்பளம் வரைக்கும் ஒப்பேற்றிவிடலாம்’ என்பார். அந்த ‘ஒப்பேற்றிவிடலாம்’தான் ‘மேனேஜ்’. இத்தனை ரூபாயை வைத்துச் சமாளிப்பதற்கு ‘மேனேஜ் ஆன்’, இருக்கிற பாத்திரத்தை வைத்துச் சமாளிப்பதற்கு ‘மேனேஜ் வித்’, மண்ணெண்ணெய் இல்லாமல் சமாளிப்பதற்கு ‘மேனேஜ் விதவுட்’. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தபோது, அந்த ஆயிரத்தில் ஒரு குடும்பம் எப்படி ஓடும் என்ற கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க இந்த ‘மேனேஜ் ஆன்’தான் பொருத்தமான சொல். அந்தக் கிழமையில் அம்மா கையில் இருந்ததும் குதிரைக்காரரின் கைதான்.

தனித்து நிற்கும் ‘ஐ கேன் மேனேஜ்’ எந்தக் கேள்விக்குப் பதிலாக வருகிறது என்பதைப் பொறுத்து அதன் உயரம் மாறும். விறகுக் கட்டோடு ஏற்றத்தில் ஏறும் ஒருவரிடம் ‘கொஞ்சம் பிடிக்கட்டுமா’ என்று கேட்டால், ‘வேண்டாம், நானே கொண்டுபோவேன்’ என்று சொல்வதற்கு அதைவிடக் கௌரவமான பதில் ஆங்கிலத்தில் இல்லை. உதவி தருகிறேன் என்பதற்குப் பதிலாக வந்தால் அது தன்னம்பிக்கை. திறமை உண்டா என்பதற்குப் பதிலாக வந்தால் அது அரைகுறை. உங்கள் விஷயத்தில் நடந்தது இந்த இரண்டாவது. இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை; நூற்றுக்கு நூறு சரியான வாக்கியம். சொன்ன இடம்தான் பிசகிவிட்டது.

இன்னும் சில உபயோகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘வெள்ளிக்கிழமை வர முடியுமா’ என்று மரியாதையாகக் கேட்க ‘கேன் யூ மேனேஜ் ஃப்ரைடே’ என்பார்கள். பெரும்பாலும் பிரித்தானிய வழக்கு. துக்கத்திலும் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டாள் என்பதற்கு ‘மேனேஜ்ட் எ ஸ்மைல்’. இனி ஒரு கவளம்கூட இறங்காது என்பதற்கும் இதே சொல் வரும். அப்பாவை எப்படிப் பேசி வழிக்குக் கொண்டுவருவது என்று தெரிந்த மகளுக்கும் வரும். அதில் லேசான சூழ்ச்சி வாடை உண்டு என்பதால் மேலதிகாரியைப் பற்றி அப்படிச் சொல்லிவிடக்கூடாது. உச்சரிப்பில், கடைசிப் பகுதியை ‘ஏஜ்’ என்று நீட்டாமல் ‘இஜ்’ என்று குறுக்குங்கள். வில்லேஜ், கேபேஜ் எல்லாம் அங்கே அப்படித்தான் குறுகும். அழுத்தம் முதல் பகுதியில். நாம் ‘மனேஜர்’ என்று நடுவில் அழுத்துவது நம் பழக்கம். எழுதும்போது ‘மேனேஜிங்’கில் கடைசி ‘ஈ’ எழுத்து போய்விடும். ‘மேனேஜ்மென்ட்’, ‘மேனேஜபிள்’ இரண்டிலும் நிற்கும்.

இதுவரை சொன்னவற்றில் இலக்கணமும் சொல் வரலாறும் நூல்களில் உறுதியாக உள்ளவை. தொனி பற்றிச் சொன்னவை என் காதும் அனுபவமும் சொன்னவை. நம் நாட்டுப் பேச்சில் ‘வீ வில் மேனேஜ்’ என்று அலுவலகங்களில் தாராளமாகப் புழங்குகிறார்கள். நம்மவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களைக் கேட்டவரும் அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம். ஆனால் மேசைக்கு அப்பால் நிற்கப்போகும் பயணி அப்படி இருக்கவேண்டியதில்லை. அதனால் அடுத்த முறை சந்தேகத்துக்கு இடம் வைக்காத வாக்கியத்தைச் சொல்லுங்கள். ‘யெஸ், ஐ கேன் டோக் டு கெஸ்ட்ஸ் இன் இங்கிலீஷ்’ என்று கேள்வியில் உள்ள வினைச்சொல்லையே திருப்பிச் சொன்னால் போதும். பேச்சு நன்றாக வரும், கடிதம் எழுதுவது மட்டும் தடுமாறும் என்றால் அதையே உள்ளபடி சொல்லுங்கள்: பேசுவேன், தொலைபேசியில் அறை பதிவுசெய்து கொடுப்பேன், நீண்ட கடிதங்களுக்கு உதவி வேண்டும் என்று. தெளிவான அரைத் திறமை, மங்கலான முழுத் திறமையைவிட மேல் என்று வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது மாமாவின் கடை. இரண்டு வருடம் காலையில் கடை திறந்தது நீங்கள். மொத்த வியாபாரியிடம் சாமானுக்குச் சொல்லியனுப்பியதும், விலை பேசியதும், கடன் கொப்பி எழுதியதும், சம்பளத் தினத்தில் அதை வசூலித்ததும் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு ஒரு பையன் வேறு இருந்திருக்கிறான். கடை மாமாவுடையது, நடத்தியது நீங்கள். மேலே சொன்ன முகவர் நிறுவனங்களும் பிராந்தியக் கம்பனிகளும் செய்ததும் இதுதான், அளவு மட்டும் வேறு. அதற்குரிய சொல்லை நீங்கள் துரைமாருக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டு, ‘உதவி செய்தேன்’ என்று எழுதிவிட்டீர்கள். சொல் வேண்டாத இடத்தில் அதைச் சொன்னீர்கள், வேண்டிய இடத்தில் விட்டுவிட்டீர்கள் மகளே. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

ஆகவே சுயவிபரக் கோவையில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘ஐ மேனேஜ்ட் மை அங்கிள்ஸ் க்ரோசரி ஷாப் இன் தலவாக்கலை ஃபோர் டூ இயர்ஸ்.’ இடையில் ‘டு’ வரக்கூடாது, கவனம். அதன் கீழே சாமான் கொள்வனவு, கடன் கணக்கு, ஒரு ஊழியரை மேற்பார்த்தது என்று மூன்று சிறு வரிகள் சேருங்கள். நேர்முகப் பரீட்சையில் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்: எத்தனை வாடிக்கையாளர், கடன் நிலுவையை எப்படி வசூலித்தீர்கள், சாமானுக்குத் தட்டுப்பாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுதி, சத்தமாக வாசித்துப் பழகுங்கள். எழுதியதை இங்கேயே அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன்.